படப்பாறையும் ஒரு கொட்டாங்கச்சியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. உடனே முயலையும் கிணற்றையும் எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சிங்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ரகமே இல்லை. அது எதையும் நேரில் பார்க்காது. படம் போட்டுக் காட்டினால்தான் பார்க்கும்.

அதற்காகவே குகைக்கு எதிரே ஒரு பெரிய பாறையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெயர் படப்பாறை. கோடைக்குக் கோடை, எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அதில் தூண் தூணாகப் படம் எழும்பும். எந்தத் தூண் குட்டையோ அந்தக் குளத்துக்கு யானைகள் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றும். ஆட்சி என்றால் அவ்வளவுதான். இதற்கே ராஜா மத்தியானம் ஒரு தூக்கம் போடும்.

படம் வரைகிறவள் நூலாயி என்ற சிலந்தி. பாறைக்குப் பின்னால் ஓர் இடுக்கில் அவள் பட்டறை. அங்கே இரண்டு கொடிகள் கட்டியிருந்தாள். ஒரு கொடியில் குளத்துக்காரர்களின் பெயர் எழுதிய இலைகள் வரிசையாகத் தொங்கும்: எருமை, தவளை, முதலை, நரி. இன்னொரு கொடியில் நாணல் துண்டுகள். மீன்கொத்தி ஒவ்வொரு குளமாகப் போய், தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளத்துக்கு நாணலை வெட்டிக் கொண்டுவந்து கொடுக்கும். முதல் இலைக்கு முதல் நாணல், இரண்டாவது இலைக்கு இரண்டாவது நாணல் என்று பார்த்து நூலாயி வரைவாள். எந்த நாணலிலும் யார் பெயரும் இருக்காது. வரிசைதான் பெயர்.

பட்டணத்தில் கம்ப்யூட்டருக்குள்ளே சார்ட் வரைவதற்கென்று லைப்ரரிகள் இருக்கின்றனவாம். புத்தகம் தேடிப் போய்விடாதீர்கள், ஒரு புத்தகம் இருக்காது. அதன் வயிற்றுக்குள்ளேயும் பலவற்றில் இதே ஏற்பாடுதான் என்று கேள்வி. பெயர் ஒரு வரிசையில், கணக்கு ஒரு வரிசையில், நடுவே கடவுள்.

அந்தக் கோடையில் மீன்கொத்தியால் எருமையின் குளத்தை அளக்க முடியவில்லை. எருமை குளத்தின் நடுவே படுத்துக்கொண்டு வாலை வீசிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் எந்திரிங்க" என்று மீன்கொத்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். அளவு இல்லாததால் நூலாயி அந்த இடத்தில் ஒரு கொட்டாங்கச்சியைக் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 'தெரியவில்லை, ஆனால் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன்' என்று அர்த்தம். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதில்லையா, அதுபோல.

படம் வந்தது. எருமையின் பெயருக்கு மேலே வெறும் பாறை தெரிந்தது.

"என்னய்யா இது, பல்லு விழுந்த மாதிரி இருக்கு?" என்றது சிங்கம். "பக்கத்துக் காட்டு ராஜா பார்த்தா என்ன நினைப்பாரு?"

மந்திரி நரி பட்டறைக்கு ஓடியது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாறையின் பின்பக்கத்தைப் பார்த்தது.

"இந்தக் கொட்டாங்கச்சிதான் அசிங்கமா இருக்கு. எடுத்துடு."

"எடுத்தா பின்னாடி இருக்கிறதெல்லாம் நகருமே, மந்திரி ஐயா."

"நகரட்டும். முன்னேற்றம்னா நகர்றதுதான்."

நூலாயி எடுத்துவிட்டாள். நாணல்கள் ஒவ்வொன்றும் ஓர் இடம் முன்னே வந்தன. பெயர் இலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிங்கம் "வரை!" என்று கர்ஜித்தது, புதுப் படம் எழுந்தது. ஓட்டை எதுவும் இல்லை. வலது ஓரத்தில் நரியின் பெயருக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. ஆனால் ஓரம்தானே, அது அழகுக்கு விட்ட இடம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நரியும் தட்டியது.

இப்போது நம் தவளையிடம் வருவோம். பெயர் பாசியம்மா. அவள் குளத்தில் தண்ணீர் நக அளவுதான் இருந்தது. மற்றதெல்லாம் சேறு. அந்த நக அளவுத் தண்ணீருக்குள் அவளுடைய தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. இன்னும் கால் முளைக்காத பிள்ளைகள். தண்ணீர் போனால் அவையும் போகும்.

யானைகள் வரும் என்று அவள் வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யானைகளும் வந்தன. அவள் குளத்தைத் தாண்டிப் போய் எருமையின் குளத்தில் ஊற்றின. அங்கே ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. இப்போது கரை வழிந்தது. எருமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பாசியம்மா யானையின் காலடியில் போய்க் கத்தினாள். "அண்ணே, இங்க ஊத்துங்கண்ணே! பிள்ளைங்க முதுகு வெயில்ல தெரியுது!"

யானை நல்லவன். நின்று பதில் சொன்னான். "படத்துல உன் பேருக்கு மேல பாரு தாயி. எல்லாத்தையும் விட உசரமான தூணு உன்னுதுதான். இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு ஏழைப்பட்ட எருமை வயித்துல அடிக்கலாமா?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் உடம்பில் இருக்கிற ஈரமும் போய்விடும் என்று அடக்கிக்கொண்டு படப்பாறைக்குப் போனாள். யானை சொன்னது உண்மை. அவள் பெயருக்கு மேலே ஒரு தூண் பாறையின் உச்சி வரை நின்றது. தன் வீட்டில் இல்லாத விருந்து தன் பெயரில் நடப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாறையைச் சுற்றிப் பின்னால் போனாள்.

நூலாயி எதையும் மறைக்கவில்லை. இரண்டு கொடிகளையும் காட்டினாள். "உனக்கு நேரா தொங்குறது முதலையோட நாணல். முதலைக்கு நேரா நரியோடது. எருமைக்கு நேரா உன்னோடது."

"இது தெரிஞ்சும் ஏன்க்கா சும்மா இருக்கே?"

"யாரும் கேக்கலையே. எல்லாரும் பாறைக்கு முன்னாடி வந்து கைதட்டிட்டுப் போயிடுறாங்க."

"அந்தக் கொட்டாங்கச்சிய மறுபடி மாட்டு."

"மாட்டலாம். ஆனா உள்ளே நான் என்ன மாத்தினாலும் வெளியே தெரியாது. ராஜா 'வரை'ன்னு சொன்னாத்தான் படம் மாறும். அவரு மறுபடி சொல்லணும்னா, இப்ப இருக்கிற படம் தப்புன்னு ஒத்துக்கணும்."

கொட்டாங்கச்சி ஒரு மூலையில் கிடந்தது. பாசியம்மா அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு ராஜசபைக்குப் போனாள்.

வாசலிலேயே நரி மறித்தது. நடந்ததையெல்லாம் அவள் கொட்டிவிட்டாள். நரியின் முகம் ஒரு கணம் மாறியது, பிறகு சிரித்தது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க, கேட்டதில்லையா? போன கோடையில படம் தப்புன்னு சொன்ன உடும்பு எங்கேன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அதுதான் பதில்.

வாசலில் கேட்ட பேச்சில் தூக்கம் கலைந்த எரிச்சலில் சிங்கம் இருந்தது. "என்ன, தவளை? படத்துல குத்தமா?"

பாசியம்மா கையிலிருந்த கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். தன்னை நம்புகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விசாரணை வைப்பார்கள். மீன்கொத்தி மறுபடி அளக்கும். எருமை மறுபடி வாலை வீசும். அதற்குள் குளத்தில் பிள்ளைகள் கருவாடாகியிருக்கும். உண்மை தாமதமாக வந்து யாருக்கு என்ன லாபம்?

"படம் ரொம்பச் சரி, ராஜா. நான்தான் தப்பு."

"காட்டிலேயே ஆழமான குளம் என்னோடதுன்னு படம் சொல்லுது. நான் இருக்கிற குளத்துல வெறும் சேறு. அப்படின்னா நான் இத்தனை நாளா தெரியாம வேற யாரோ குளத்துல குடியிருந்திருக்கேன். மன்னிச்சு, என் குளத்துக்கு என்னைப் போகச் சொல்லி உத்தரவு கொடுக்கணும்."

சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் பேசி அது கேட்டதில்லை. "ஆழமான குளத்துல இப்ப யாரு இருக்கா?"

"முதலை" என்றது மீன்கொத்தி.

"காலி பண்ணச் சொல்லு. படத்தை மீறிக் குடியிருக்கிற எல்லாரையும் மாத்து!"

முதலை வாலை அடித்துக்கொண்டு வந்து, "நான் எங்க போறது?" என்று கேட்டது. படத்தைப் பார்த்தார்கள். முதலையின் தூண் பாதி உயரம். பாதி நிரம்பிய குளம் நரியுடையது என்று காட்டுக்கே தெரியும். எருமைக்கு நக அளவுத் தூண். அதற்குத் தவளையின் பழைய சேறு. எருமை சேற்றில் படுத்துப் பார்த்து, "இதை ஏன் முன்னாடியே கொடுக்கல?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

மிச்சம் நரி. அதன் பெயருக்கு மேலே தூணே இல்லை.

"ராஜா, அது வந்து, அந்தக் கொட்டாங்கச்சிய..." என்று ஆரம்பித்த நரி வாயை மூடிக்கொண்டது. எடுக்கச் சொன்னது யார் என்று கேட்பார்களே. படம் தப்பு என்று சொன்னதாக ஆகுமே. நுணல் பழமொழி நரிக்கும் தெரியும்.

"உனக்குக் குளம் இல்லை, மந்திரி. படத்துல இல்லாதது காட்டுல இல்லை" என்றது சிங்கம்.

நரிக்காக வருத்தப்படாதீர்கள். அது கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கரை வழிந்துகொண்டிருந்த எருமையின் பழைய குளம் இப்போது படத்தில் யாருக்கும் இல்லை. அதனால் எல்லோரும் அதில் வாய் வைக்கப் பயந்தார்கள். படத்தில் தூணே இல்லாத நரிக்கு எந்தச் சட்டம்? அது மட்டும் தினமும் போய் வயிறு முட்டக் குடித்தது.

பாசியம்மா அந்தக் கொட்டாங்கச்சியில் பிள்ளைகளை அள்ளி அள்ளிப் புதுக் குளத்தில் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் தண்ணீர் சிந்திவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். சிந்தவில்லை. ஓட்டை இல்லாத நல்ல கொட்டாங்கச்சி.

அடுத்த கோடை வந்தது. பிள்ளைகளுக்குக் கால் முளைத்து, குரலும் வந்துவிட்டது. நூலாயி நூலில் தொங்கியபடி குளக்கரைக்கு வந்தாள்.

"ஒரு குளத்துக்கு அளவு வரல. அந்தக் கொட்டாங்கச்சி உன்கிட்டதானே இருக்கு? குடு, மாட்டணும். இல்லைன்னா மறுபடி எல்லாம் நகர்ந்துடும். யாரோ ஒருத்தர் குளம் காஞ்சு போகும்."

"யாரோடது?"

"இந்தத் தடவை கடைசி இலைக்காரி நத்தையோடது, புதுசா குடிவந்தவ. பாவம், முட்டை விட்டிருக்கா."

"எனக்கு நேரா எது வரும்?"

"உனக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்கு. உன்னோடது உனக்கேதான்."

பாசியம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கொட்டாங்கச்சியின் மேல் ஏறித் தண்ணீருக்குள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"நகரட்டும், அக்கா" என்றாள். "முன்னேற்றம்னா நகர்றதுதான்."

நீதி: படம் பொய் சொன்னால் திருத்தப் போகாதே, அது உன் பெயரில் காட்டும் தண்ணீரில் குடியேறு. ஏறி வந்த கொட்டாங்கச்சியைத் திருப்பிக் கொடுக்காதே.