இருநூற்றுப் பன்னிரண்டு அர்த்தங்கள்

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஜோடி ஷூ இருந்தது.

அகராதிக்காரர் மூடினார். சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி திறந்தார். அதே ஷூதான். போன வாரம் வாங்கி, காலைக் கடிக்கிறது என்று மூலையில் போட்ட கறுப்பு ஷூ.

"ஏம்மா, இங்க ஒரு பெட்டி வச்சிருந்தேனே?"

"அதான் கையில வச்சிருக்கீங்களே" என்று சமையலறையிலிருந்து மனைவி பதில் சொன்னாள்.

"இது இல்ல. இதே மாதிரி இன்னொண்ணு."

"அதைத்தான் காலைல என் தம்பிகிட்ட குடுத்து, கடையில மாத்திட்டு வரச் சொன்னேன். எட்டாம் நம்பர் பத்தலைன்னு நீங்கதானே ஒரு வாரமா புலம்புறீங்க?"

அகராதிக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவர் வேலை பார்க்கும் அகராதி அலுவலகத்தில் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு கார்டு. கார்டுகளை அடுக்க ஷூ பெட்டிதான் கச்சிதமான அளவு என்று என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார்கள். 'செட்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பெட்டி. இருநூற்றுப் பன்னிரண்டு கார்டு. சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்டு இறுகினாலும் செட், ஆறு தட்டு ஒன்றாகச் சேர்ந்தாலும் செட். புதிய பதிப்புக்காக அத்தனையையும் சரிபார்த்துத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் அவகாசம் இருந்தது. கடைசி இரண்டு நாளைத் தவிர மற்றதையெல்லாம் மனிதர் பென்சில் சீவியே கழித்துவிட்டார். அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கடத்தினார்.

கடத்தல் என்று சும்மா சொல்லவில்லை. 'கார்டுகள் இந்த வாசலைத் தாண்டக் கூடாது' என்று ஆவண அறை வாசலில் பலகையே தொங்குகிறது. தலைமைப் பதிப்பாசிரியை தன் கையால் எழுதி மாட்டியது. அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் 'முற்றுப்புள்ளி' என்று பெயர். வாயைத் திறந்தால் அதோடு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு கார்டைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து எடுத்துப் போன ஒருவர், மறுநாளிலிருந்து வேலையில் இல்லை என்பார்கள். அதிலும் 'செட்' பெட்டி முற்றுப்புள்ளியே இள வயதில் எழுதியது. ஆறு வருஷம் நூலகம் நூலகமாக அலைந்தாராம். பல் செட்டைப் பற்றி மட்டும் பதினேழு கார்டு! என்ன உழைப்பு, என்ன ஆழம் என்று அகராதிக்காரரே பல தடவை அசந்துபோயிருக்கிறார்.

வேலை போய்விட்டால்? நாற்பத்தாறு வயதில், பென்சில் சீவத் தெரிந்த ஆளை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கட்டட மேஸ்திரியான மச்சான் சிரித்த முகமாக வந்து நின்றான். கையில் புது ஷூ, ஒன்பதாம் நம்பர்.

"டேய், பெட்டியத் திறந்துகூடப் பாக்கலையா அவங்க?"

"பில்லை மட்டும்தான் பாத்தாங்க மாமா. ரொம்ப நல்ல கடை."

இருவரும் அந்த நல்ல கடைக்கு ஓடினார்கள். சரக்கு அடுக்கும் ஆளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

"அந்த அட்டையா சார்? நல்ல கெட்டி அட்டை. பின்பக்கம் சும்மாதானே இருந்துச்சு? சைஸ் எழுதி, பெட்டிக்கு ஒண்ணா ஒட்டிட்டேன்."

"எழுதின பக்கம்?"

"அதுலதானே சார் பசை தடவணும்?"

பெரும்பாலான பெட்டிகள் மத்தியான லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தன. மிச்சம் நாற்பது. கெஞ்சிக் கூத்தாடி மூடிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு ஷூவ மாத்தப் போய் நாப்பது மூடியா?" என்றாள் மனைவி.

"தண்ணியில ஊறப்போடுங்க மாமா. பசை தானா விட்டுடும்" என்றான் மச்சான்.

அவன் சொன்னது பலித்தது. பசை விட்டது. கூடவே அந்தக் காலத்துப் பேனா மையும் விட்டது. அரை மணியில் பக்கெட் தண்ணீர் நீலமாகி, நாற்பது வெற்று அட்டைகள் மிதந்தன.

"உங்க அர்த்தமெல்லாம் பக்கெட்டுல இருக்கு. வெள்ளைத் துணி ஏதாவது முக்கணுமா?" என்று கேட்டபடி வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அகராதிக்காரர் அழுதுகொண்டிருந்தார். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

"சரி சரி, அழாதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வார்த்தைதானே? தெரியாமலா இத்தனை நாளா நாங்களும் அதைப் பேசிட்டிருக்கோம்? நாளைக்குக் காலைல எழுதுவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். பல் செட் கார்டு பதினேழும் ஓர் எழுத்து பிசகாமல் நினைவுக்கு வந்தன. அதற்கப்புறம் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. மனைவி தட்டு, ஜெல்லி, தலைமுடி என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னாள். மச்சான் சிமெண்டுக்கு மட்டும் ஒன்பது கார்டு சொன்னான்.

"தளம் போட்டா, செட் ஆகற வரைக்கும் ஒரு பூனைகூட நடக்கக் கூடாது. எழுதிக்குங்க மாமா. எனக்கும் இன்ஜினியருக்கும் செட் ஆகலை. அதையும் எழுதுங்க."

"அது இங்கிலீஷே இல்லடா."

"அப்ப நான் இத்தனை நாளா தமிழா பேசினேன்?"

கடைசியாக, சொல் எங்கிருந்து வந்தது என்ற மூலம் எழுத வேண்டும். "பாதி, 'உட்கார வை'ங்கிற பழைய இங்கிலீஷ் வார்த்தைல இருந்து வந்தது. கூட்டம், தொகுப்புன்னு வர்ற பாதி, 'பின்னாடி போறது'ங்கிற லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது" என்று விளக்கினார்.

"அதாவது, வேற வேற வீட்டுல பொறந்ததுங்க, ஒரே பேரை வச்சுக்கிட்டு ஒரே வீட்டுல குடியிருக்குதுங்க" என்றாள் மனைவி.

இதைவிட நன்றாக அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்படியே எழுதிவிட்டார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பத்தொன்பது.

"ஏழு கூடிடுச்சே, எதைக் கிழிக்கலாம்?"

"சிமெண்டுல மட்டும் கைய வைக்காதீங்க" என்றான் மச்சான்.

திங்கட்கிழமை முற்றுப்புள்ளி பெட்டியைத் திறந்தார். பளிச்சென்று வெள்ளைக் கார்டுகள்.

"பழசு எங்க?"

அகராதிக்காரர் வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தார். சமயத்துக்கு ஒன்றும் வரவில்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன் மேடம். போயிடுச்சு. இது எல்லாம் வீட்டுல உக்காந்து எழுதினது."

முற்றுப்புள்ளி ஒவ்வொரு கார்டாகப் புரட்டினார். பல் செட் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். சிமெண்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பூனை யாரோடது?"

"என் மச்சான் சொன்னது மேடம். மேஸ்திரி."

"ஒரே வீட்டுல குடியிருக்குதுங்க?"

"அது என் வீட்டுக்காரி."

"ம்." கையெழுத்துப் போட்டார். "நல்லா வந்திருக்கு. பூனையை எடுத்துடாதீங்க. போங்க."

பேச்சு முடிந்தது. அகராதிக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. ஒன்பதாம் நம்பர் ஷூ தரையில் படவே இல்லை, அவ்வளவு லேசாக ஆவண அறைக்கு நடந்தார். அங்கே ஆரம்ப காலத்திலிருந்து வேலை பார்க்கும் அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"ஒரு வார்த்தை திட்டலைக்கா! ஆறு வருஷ உழைப்பைத் தொலைச்சிருக்கேன், பூனையை எடுக்காதேங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

அக்கா பெட்டியை வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

"எப்படி சார் திட்டுவாங்க? மொதப் பெட்டிய பஸ்ஸுல தொலைச்சிட்டு வந்து, மாமனாரைப் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டே நாள்ல அவங்க எழுதினதுதானே நீங்க தொலைச்சது? அவரு பல்லு கட்டுற டாக்டரு!"