முகத்துக்குப் பூண்டு அரைத்த கதை

முகத்தில் பரு உள்ளவனுக்கு இந்த உலகத்தில் வைத்தியர் அல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. காய்ச்சல்காரனைப் பார்த்தால் "டாக்டர்கிட்ட போனியா?" என்று கேட்பார்கள். பருக்காரனைப் பார்த்தால் கேள்வியே இல்லை, நேராக மருந்துதான். எனக்கு இருபத்திரண்டு வயது நடந்தபோது, மூணாறு பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டோடு சேர்த்துக் கற்றாழையையும் கொடுத்தார் (வாய்ப்பேச்சில்தான்). சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யாரென்றே தெரியாத ஓர் அத்தை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "சூட்டு உடம்பு. வெந்தயத்தை ஊற வச்சுக் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் குசலம் விசாரிக்கப் போய்விட்டார்.

நான் யார் சொல்லையும் தட்டியதில்லை. மஞ்சள் பூசினேன், கல்லூரியில் எனக்குக் காமாலை என்று வதந்தி. பப்பாளி பூசினேன், எறும்பு வந்தது. எலுமிச்சை, கடலைமாவு, தேன் என்று என் முகம் ஒரு பலசரக்குக் கடையாகவே இருந்தது. ஒவ்வொன்றும் சில நாள் கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு பரு பழைய இடத்திலேயே புதுத் தெம்போடு முளைக்கும்.

இந்த நிலையில்தான் இன்டர்வியூ வந்தது.

சின்னக்கானலில் எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே புதிதாக ஒரு ரிசார்ட் திறந்திருந்தார்கள். வருகிற விருந்தாளிகளை வாசலில் வரவேற்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். புதன்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். அப்பா இல்லை. நாங்கள் இருந்தது எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அம்மாவுக்கு வேலை முடிகிற அன்றைக்கு வீட்டையும் விட வேண்டும். அந்த நாள் அதிக தூரத்தில் இல்லை. அம்மா இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தேன். மூக்கு நுனியில் ஒன்று, நெற்றியில் கூட்டமாகச் சில, இரண்டு கன்னத்திலும் கணக்கில்லாமல். விருந்தாளியை வரவேற்க வேண்டிய முகம் இது! காரை விட்டு இறங்குகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறிக்கொள்வதைப் போல ஒரு காட்சி மனதில் ஓட ஆரம்பித்தது. ஆராதனையில் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் போனில் தேட ஆரம்பித்தேன். ஒரு வீடியோவில் ஓர் அக்கா கிடைத்தார். பின்னணியில் துளசிச் செடி, மண்பானை, விடாமல் கூவும் ஒரு குயில். "பச்சைப் பூண்டை அரைச்சுப் போடுங்க, இரண்டே நாள்ல பரு ஓடிடும். இது முழுக்க முழுக்க இயற்கை. இதை எந்த டாக்டரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க" என்றார். கீழே ஒரு பையனின் படம். பூண்டுக்கு முன், பூண்டுக்குப் பின். முதல் படத்தில் அவன் இருட்டில் அழுதுகொண்டிருந்தான். இரண்டாவதில் வெயிலில் சிரித்தான். கண்ணில் நீர் வராத குறையாக அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை எஸ்தர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மூணாறில் கல்லூரியில் படிக்கிறவள். எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

"அண்ணே, மொதப் படத்துல மச்சம் இடது கன்னத்துல இருக்கு. ரெண்டாவதுல மச்சத்தையே காணோம். மச்சமும் பூண்டுக்கு ஓடிருச்சா?"

"அது வெளிச்சம்ட்டி."

"இது வேற ஆளுண்ணே."

"இயற்கைதான? கெடுதல் என்ன வந்துரப்போவுது?"

"காஞ்சொறியும் இயற்கைதான். தோட்டத்துல நிறையக் கெடக்கு. போய்த் தேய்ச்சுக்க."

(காஞ்சொறிச் செடி பட்டால் எப்படித் தடித்து அரிக்கும் என்று எஸ்டேட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் அவளைப் பொறாமைக்காரி என்று முடிவுகட்டினேன். அவளுக்கு முகத்தில் ஒரு பரு கிடையாது.)

அந்த அக்கா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "எரியும். பயப்படாதீங்க. எரியுதுன்னா கெட்டது வெளியேறுதுன்னு அர்த்தம். எரியலைன்னா இன்னும் கொஞ்ச நேரம் வைங்க." எவ்வளவு சாமர்த்தியமான பேச்சு என்று இப்போது வியக்கிறேன். எரிந்தாலும் மருந்து நல்லது, எரியாவிட்டாலும் மருந்து நல்லது. என்ன நடந்தாலும் பூண்டு தோற்கவே முடியாத ஆட்டம் அது. அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக மட்டும்தான் கேட்டது.

திங்கட்கிழமை அம்மா மலைக்கும் எஸ்தர் கல்லூரிக்கும் போன பிறகு சமையலறையில் புகுந்தேன். வட்டவடைப் பக்கத்து மலைப்பூண்டு இருந்தது. பார்க்கச் சின்னது, உரித்தாலே கண் கரிக்கும். ஒரே ஒரு பல், பருவின்மேல் மட்டும், பத்து நிமிடம் என்பது வீடியோவின் கணக்கு. புதன்கிழமையை நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சிறிய அளவு என் அவசரத்துக்குப் போதாது என்று தோன்றியது. முழுப் பூண்டையும் அம்மியில் அரைத்தேன். கண்ணைச் சுற்றிப் பூசக் கூடாது என்று அக்கா எச்சரித்திருந்ததால் அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, நெற்றியிலிருந்து தாடை வரை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடித்தேன்.

முதலில் குளிர்ந்தது. பிறகு கடித்தது. பிறகு யாரோ அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து மெதுவாக முகத்தின்மேல் உருட்டுகிற மாதிரி இருந்தது. நான் மகிழ்ந்தேன்! கெட்டது வெளியேறுகிறது அல்லவா? எனக்குள் இவ்வளவு கெட்டது இருந்ததா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெரிந்த ஞானப்பாட்டையெல்லாம் வரிசையாகப் பாடினேன். சரணங்கள் தீர்ந்தன. எரிச்சல் தீரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கினேன்.

கண்ணாடியில் இருந்தவன் நானில்லை. முகம் முழுக்கச் சிவந்து, அங்கங்கே நீர்க் கொப்புளம். கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம், யாரோ மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டதைப் போல.

முதலில் நினைத்தது புதன்கிழமையை. அடுத்து அம்மாவை. இந்த முகம் இப்படியே நின்றுவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டு மாரியம்மாக்கா தீப்பெட்டி கேட்டு வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்துருக்கா! ஏ ஜெபா, வெளிய வராதய்யா. அசையாமப் படுத்துக்க."

அம்மை என்று நினைத்துவிட்டார். இல்லையக்கா, பூண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அம்மை வந்தவன் என்றால் ஊர் இரங்கும். பூண்டு அரைத்துப் பூசியவன் என்றால்? வாயை மூடிக்கொண்டு படுத்தேன். அதுதான் நான் அன்றைக்குச் செய்த இரண்டாவது முட்டாள்தனம்.

எங்கள் மலையின் உயரத்துக்கு வேப்பமரம் வராது. ஆனாலும் பிற்பகலுக்குள் போடியிலிருந்து வந்த ஜீப்பில் வேப்பிலைக் கொத்து வந்து, கிறிஸ்தவ வீடான எங்கள் வீட்டு நிலையில் தொங்கியது. கொழுந்துக் கூடையை இறக்கிய இடத்திலிருந்தே அம்மா ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே போதகர் ஐயா. அவர் அன்பானவர், ஆனால் தமக்கு இன்னும் அம்மை போடவில்லை என்பதால் வாசலுக்கு வெளியே நின்றே ஜெபிக்க ஆரம்பித்தார். அம்மா என் காலைத் தொட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குள் மாரியம்மாக்காவின் மகள் சரசு வேகமாக வந்தாள். மேலே அதே ரிசார்ட்டில் சமையலறையில் வேலை செய்கிறவள்.

"அம்மா, லயத்துல அம்மைன்னு அங்க தெரிஞ்சுபோச்சு. இங்கருந்து வர்ற ஒருத்தரும் நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டாங்க."

எங்கள் லயத்திலிருந்து பல பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். என் வேலை போனால் போகட்டும். எல்லோர் வேலையிலும் பூண்டு பூசிவிட்டேனே! சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். போதகர் கண்ணை மூடி, "இந்த வாதையை இந்த வீட்டை விட்டு..." என்று உச்சத்தில் இருந்தார். ஜெபத்தின் நடுவில் எப்படிப் பேசுவது? மறுபடி படுத்தேன்.

கல்லூரியிலிருந்து எஸ்தர் வந்து கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தாள். என்னை ஒரு பார்வை. சட்டையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள்.

"அம்மா, உடம்புல ஒண்ணுமே இல்ல. முகத்துல மட்டுந்தான். அதுவும் கண்ணைச் சுத்தி அளவெடுத்தாப்புல விட்டுட்டு வந்துருக்கு. எந்த அம்மைம்மா இப்படிக் கோடு போட்டு வரும்?" என்னிடம் குனிந்தாள். "அண்ணே, மூஞ்சி ஏன் ரசம் மாதிரி மணக்குது?"

ஜெபம் நின்றது. போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பூண்டு" என்றேன்.

அம்மா மெல்ல எழுந்தாள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே, செத்துப்போயிருவியோன்னு வந்தேன்ல நான்! கொழுந்தை நிறுக்கக்கூடச் செய்யாம ஓடியாந்தேன்ல!" என்று சொல்லி என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடிப்பதற்கு முகத்தில் இடமில்லாததால் தோளில் விழுந்தது.

அம்மாவும் எஸ்தரும் என்னை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா மலையாளி. என் முகத்தைப் பார்த்து, "எந்தா தேச்சது, மோனே?" என்றார். என்ன தேய்த்தேன் என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கும், நீண்ட நேரம் வைத்தால் தீக்காயமேதான் என்றார். "பூண்டு நல்லதாணு, கறியில போட்டா. உன்ற முகம் கறியல்லல்லோ!" என்று சிரித்துக்கொண்டே மருந்து எழுதினார். தழும்பு விழுமா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சொறியாமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் விழாது என்றார். புண் ஆறின பிறகு வா, பருவுக்குத் தனியாக மருந்து தருகிறேன், ஆனால் அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். இரண்டே நாளில் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது (முட்டாள்தனம் ஒரே நாளில் ஆறுவதில்லை).

லயத்தில் அம்மை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு சரசு மறுநாள் காலையில் மேலே போனாள். எல்லோருக்கும் வேலை திரும்பியது. காரணம் என்ன என்று ரிசார்ட்டில் கேட்டிருக்கிறார்கள். அவளும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே, புதன்கிழமை நான் மேனேஜர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தபோது, அறிமுகமே தேவைப்படவில்லை.

"நீங்கதான் அந்தப் பூண்டா?"

"ஆமா மேடம்."

அவர் சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார். தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிக் கேட்டார். முகத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இனி இல்லாததால் மூன்றிலும் தெளிவாகவே பேசினேன். வாசலில் நிற்கும் வேலை கிடைக்கவில்லை. "உங்க குரல் நல்லாருக்கு. போன்ல புக்கிங் எடுக்கிற வேலைக்கு வர்றீங்களா? அங்க யாரும் முகத்தைப் பாக்கமாட்டாங்க" என்றார். அவமானமா, அதிர்ஷ்டமா என்று யோசிக்காமல் சரி என்றேன். இன்றும் அதே துறையில்தான் இருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். புண் ஆறியது, தோல் உரிந்தது, டாக்டரம்மா தந்த களிம்பைத் தினமும் போட்டேன், மாதங்கள் போகப்போக முகம் தெளிந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வருகிறேன், குழாயடியில் மாரியம்மாக்கா மடி நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஊறுகாயா?"

"இல்லய்யா, சரசுக்கு நெத்தியில பருவா வந்துருக்கு. உனக்குக் கேட்டுச்சுல்ல, அதான்."

"எக்கா, எனக்கு வெந்துபோச்சுக்கா! நீங்கதானே வேப்பிலை கட்டினீங்க?"

"அன்னைக்கு வெந்துச்சு. இன்னைக்கு மூஞ்சி பளபளன்னு இருக்குல்லா? உள்ள இருந்ததை அது வெளிய தள்ளிருக்கு."

களிம்பைச் சொன்னேன். டாக்டரைச் சொன்னேன். பரு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும், உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடுவோம், இறங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டே அடுத்த பல்லை உரித்தார். அந்த வீடியோவில் சிரித்த பையன் எங்கிருந்து வந்தான் என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கும் பரு தானாகவே இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அந்தப் பெயரைப் பூண்டுக்குக் கொடுத்திருப்பார்.

காப்பாற்றியவள் எஸ்தர்தான். சத்தம் கேட்டு வந்தவள், பேசாமல் போனை எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் எனக்குத் தெரியாமல் எடுத்திருந்த படத்தை நீட்டினாள். வீங்கின உதடு, வெடித்த கொப்புளம், கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம். அன்றைக்கு வாசலில் நின்று கும்பிட்ட அக்கா இப்போதுதான் முதன்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தார். மடியிலிருந்த பூண்டைப் பாத்திரத்தில் கொட்டினார். "ஊறுகாயே போட்டுருதேன்" என்றார்.

அந்தப் படம் அதற்குப் பிறகு ஓய்வெடுக்கவே இல்லை. என் மனைவி என்னை முதன்முதலாகப் பார்த்ததே அதில்தான். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே எஸ்தர் அனுப்பியிருந்தாள். எங்கள் குடும்பக் குழுவில் யாராவது இயற்கை வைத்தியம் ஒன்றைப் போட்டால் போதும், அடுத்த நொடி பதிலாக என் முகம் வந்து விழும். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதமாட்டாள்.

போன வாரம் அம்மா, முட்டிவலிக்கு எருக்கம்பாலைத் தடவச் சொல்லும் ஒரு வீடியோவை அனுப்பினாள். முகம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடமிருந்து குரல் பதிவு:

"ஏட்டி எஸ்தர், நான் சும்மாதான் அனுப்புனேன், தடவலை. இனிமே அந்த மூஞ்சியைச் சாப்பாட்டு நேரத்துல அனுப்பாத. தட்டுல பூண்டுக்குழம்பு இருக்கு."