மைத்துனன் செய்த பூட்டுக்கு ஒரு கருணை மனு

அன்பு மைத்துனருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், முறை அது. ஆனால் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலும் மீதிப் பேர் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையிலும் இருக்கும்போது அப்படி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. பதறாதே. நாங்கள் குடியிருக்கும் ஊரைச் சொல்லவில்லை. இங்கே ஒரு குறையும் கிடையாது. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை, உன் மருமகள் வழக்கம்போல விடுதியிலிருந்து போன் செய்யவில்லை. நான் சொல்வது உன் அக்கா கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறாளே, அந்த ஊரை. அங்கே அவள்தான் மேயர். நான் அங்கே யாருமில்லை, இங்கேயும் அப்படித்தான் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா நகரமைப்பு ஆபீஸில் சேர்ந்த நாள் முதல் அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டுக்கொண்டிருப்பவள். தெரு எங்கே போக வேண்டும், மரம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருத்தரும் அவளைக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் கையில் இந்த கேம் கிடைத்ததும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள். வெறும் நிலத்தைக் கொடுக்கிறார்கள். நீ ரோடு போட்டு, கரண்டு இழுத்து, தண்ணீர் கொண்டுவந்தால் ஆட்கள் தாங்களாகவே குடிவருகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் தாங்களாகவே காலி செய்கிறார்கள். ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக்கூட கழற்றாமல் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் ஒருநாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன் மச்சான், வாய் பிளந்தது பிளந்தபடி நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் நிழலிலேயே வீடு வந்து சேர்கிற மாதிரி தெருவை வளைத்து வைத்திருக்கிறாள். பேக்கரி வாசனை வரட்டும் என்று நூலகத்துக்குப் பக்கத்தில் பேக்கரி. "கேம்ல வாசனை ஏதும்மா?" என்றேன். "உங்களுக்கு வராதுங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இதைப் பற்றி ஆபீஸில் யாரிடமோ பேசப்போய், அது மேலதிகாரி காதுக்கு எட்டி, அவர் கூப்பிட்டு, "புதுசா ஒரு பூங்கா வருது, வரைபடம் முழுக்க நீங்களே போடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நிஜப் பூங்கா, நிஜப் புல்! அன்றைக்கு வீட்டில் எனக்குக் காபி கேட்காமலே வந்தது, அதை வைத்து விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொண்டேன். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று வந்திருக்கிறாள். அந்த வாரத்திலேதான் மச்சான், ஊரில் நோய் புகுந்தது.

முதலில் பேக்கரிக்காரி படுத்தாள். அப்புறம் தபால்காரர். அப்புறம் ஒரு தெரு முழுக்க ஆளாளுக்குத் தலைக்கு மேல் பச்சை நிறத்தில் ஒரு மண்டையோடு மிதக்கிறது. உன் அக்கா ஆஸ்பத்திரி கட்டினாள். நிரம்பியது. இன்னொன்று கட்டினாள். அதுவும் நிரம்பியது. வரியைக் குறைத்தாள், தோட்டம் போட்டாள், ஆம்புலன்ஸ் வாங்கினாள். ஜனம் தேறி எழுவதும், வீட்டுக்குப் போவதும், மறுபடி படுப்பதும், கடைசியில் லாரி பிடித்து ஊரைக் காலி செய்வதுமாக இருந்தது. உன் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னங்க, ஒரு பொம்மை ஊரையே காப்பாத்தத் தெரியலை, நான் போய் நிஜப் பூங்கா போடுறேனா? வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள். அழுதிருந்தால்கூட சமாளித்திருப்பேன், அழவில்லை. வேஷ்டியை மடிக்கிற மாதிரி அமைதியாகச் சொன்னாள்.

சரி, கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ கோளாறு என்று நம்ம பழுதுபார்க்கிற ஆளைக் கூப்பிட்டேன். அவருக்குத் திருப்புளி என்று பேர், எது கெட்டாலும் முதலில் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் என்ன ஆச்சு என்று கேட்பார். மூடியைக் கழற்றினார், டிஸ்க்கை உருவினார், வெளிச்சத்தில் பிடித்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இது காப்பியாச்சே!"

இங்கே என் வண்டவாளத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பத்திரக் காப்பறையில் வேலை பார்க்கிறவன். அசல் வெளியே போகக் கூடாது, நகல்தான் போகும், இது என் ரத்தத்தில் ஊறிப்போச்சு. ஹாலில் மாட்டியிருக்கிற எங்கள் கல்யாண போட்டோ நகல், அசல் பீரோவில். கிரைண்டர் கூட வந்த விளக்கப் புத்தகம் நகல், அசல் பீரோவில். உன் அக்கா சொல்வாள், "நல்லவேளை, என்னைக் காப்பி எடுக்க முடியலை, இல்லேன்னா நானும் இந்நேரம் பீரோவிலதான் இருப்பேன்." அந்த வழக்கப்படி, கேம் பெட்டி கடையிலிருந்து வந்த அன்றைக்கே ஆபீஸ் சிநேகிதரிடம் கொடுத்து நகல் எடுத்து, அசலைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கீறல் படாமல் காப்பாற்றுவது குற்றமா மச்சான்? உன்னிடம் கேட்கிறேன்.

குற்றம்தான் என்றார் திருப்புளி. சில கேமுக்குள் ஒரு பூட்டு உண்டாம். காப்பி என்று தெரிந்தால் சத்தம் போடாதாம், நிறுத்தாதாம், சிரித்த முகத்தோடு விளையாட விடுமாம். விட்டுவிட்டு, உள்ளுக்குள்ளேயே கெடுத்துக்கொண்டு வருமாம். கார் பந்தயமாக இருந்தால் ஸ்டீயரிங் துளியூண்டு இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்குமாம். துப்பறிகிற கேமாக இருந்தால் கடைசிக் கதவு மட்டும் திறக்காதாம், ஆள் தன் மூளைதான் மழுங்கிப்போச்சு என்று நினைத்து டாக்டரிடம் போவானாம். "உங்க ஊர்ல ஜனத்துக்குச் சீக்கு வர்றது அதனாலதான் சார். உங்களைக் களவாணின்னு முடிவு பண்ணிடுச்சு." பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். பூட்டு செய்தவர்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது, மச்சான், நீ வேலை பார்க்கிற கம்பெனி!

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் பெண் கேட்கப் போன இடத்தில் உன் அம்மா "பையன் பூட்டு கம்பெனியில இருக்கான்" என்று சொல்லப்போய், அவர்கள் தங்கள் கொல்லைக் கதவுப் பூட்டை ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பினார்களே, அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது திருப்பி வாங்கிக்கொள்கிறேன். என்ன பூட்டுடா அது! திருடனைப் பிடிக்க நாய் வளர்க்கிறவனைப் பார்த்திருக்கிறேன், சுவரில் கண்ணாடித் துண்டு பதிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். திருடனை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, சோறு போட்டு, சோற்றில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டிக்கொண்டே போய், நம்ம நாக்குத்தான் சரியில்லை என்று அவனே நினைத்துக்கொள்கிற மாதிரி செய்கிற வீட்டுக்காரனை நான் கண்டதில்லை. வீட்டில் இருக்கிற ஆளுக்கே தெரியாமல் பீரோவுக்குள் துணி சுற்றிக் கிடக்கிற ஒரு தகட்டைப் பற்றி இந்தப் பூட்டுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு முழுக்க கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் நான் சட்டை போடாமல் போகவில்லை. ஒரு மரியாதை.

உடனே அசலைத் துணி பிரித்து எடுத்துப் போட்டோம். போட்டும் நோய் நிற்கவில்லை. ஒருதடவை சந்தேகம் விழுந்தால் விழுந்ததுதான் போலிருக்கிறது என்று திருப்புளியும் கையை விரித்துவிட்டார். கீழ்வீட்டில் பல் டாக்டர் இருக்கிறார், அவரும் இதே கேம்தான் ஆடுகிறார், ஆனால் யாரோ பூட்டை உடைத்து ஊருக்கு விநியோகித்த கேம், ஓசி. அவர் ஊரில் ஜனம் கும்மாளம் போடுகிறது! வானம் முட்ட கட்டடம், மிதக்கிற பாலம், பொருட்காட்சி. அவரிடம் போய், "நியாயமா டாக்டர் இது? கடையில வாங்கினவன் ஊர்ல சாவு, உடைச்சவன் ஊர்ல பொருட்காட்சியா?" என்று கேட்டேன். "ஊர் உலகமே இதைத்தான் சார் கேட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருக்கு. வாயைத் திறங்க" என்றார், பல் பார்க்கத்தான் போயிருந்தேன்.

உன் பக்க நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. போன தடவை வந்தபோது நீயே சொன்னாய், "அத்தான், ஒரு கூட்டமே கண்ணு பூத்துப்போக உழைச்சு ஒரு கேம் பண்ணும், வெளியே வந்த மறுநாளே ஓசியில பரவிடும், பண்ணினவன் தெருவுல நிப்பான்" என்று. சரிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் நிற்கிறவனைக் காப்பாற்றப்போய் பேக்கரிக்காரியை ஏன்டா தெருவில் விடுகிறீர்கள்?

ஆகவே, பூட்டு செய்தவர் என்ற முறையில் உன்னிடமும், உன் வழியாகப் பூட்டிடமும் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது: நாங்கள் திருடர்கள் இல்லை, பயந்தாங்கொள்ளிகள். எங்களை மன்னிக்கச் சொல்லி அதற்கு ஏதாவது ஒரு மந்திரம், ஒரு மருந்து, ஒரு சாவி அனுப்பிவை. திங்கட்கிழமைக்குள் அந்த ஜனம் எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் அக்கா அந்தப் பூங்காவை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அப்புறம் அவளை யாரும் கேட்கப் போவதில்லை.

உன் மனைவிக்கு எங்கள் பிரியத்தைச் சொல். உன் மேசையும் நாற்காலியும் முதுகும் நீண்ட காலம் ஒன்றோடொன்று சமாதானமாக இருக்கட்டும். நீ செய்கிற பூட்டெல்லாம் ஆள் பார்த்துப் பூட்டட்டும்.

இப்படிக்கு,
உன் பூட்டின் கணக்கில் களவாணியான,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையையும் மறந்துவிடு. கவரை ஒட்டப் போகிற சமயத்தில் பல் டாக்டர் மேலே வந்தார். உன் அக்கா ஆபீஸில். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், ஆறு எந்தப் பக்கமா ஓடுது?" என்றார். பார்த்துச் சொன்னேன். "சாக்கடை எங்கே விழுது?" காட்டினேன். "குடிக்கிற தண்ணி எங்கே இறைக்கிறீங்க?" சாக்கடைக்குக் கீழ்ப்பக்கம்தான். நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், என்னால் விழுங்க முடியவில்லை. "அப்ப பூட்டு?" என்றேன். "இந்தப் பூட்டா? டிஸ்க்குன்னு ஒண்ணு உள்ளே இருக்கான்னு எட்டிப் பாக்கும், ஏதோ ஒண்ணு இருந்தா போயிடும். பரம சாது சார்." "அப்புறம் நீங்க எதுக்கு உடைச்சதை வாங்கினீங்க?" "டிஸ்க்கை எடுத்துப் போடணுமே, சோம்பேறித்தனம்." ஆக, உன் பூட்டைப் பற்றி நான் பாடிய பாட்டையெல்லாம் வேறு யார் தலையிலாவது கட்டிவிடு. ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "நான் முதல்ல கட்டின ஊரும் இப்படித்தான் சார் செத்துச்சு, கட்டின வேகத்துல காலி. சாக்கடைத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு ஒரு ஊர் இவ்வளவு நாள் நிக்கிறதை நான் பார்த்ததே இல்லை. இந்த ஆஸ்பத்திரியையும் தெருவையும் போட்ட கை லேசுப்பட்ட கை இல்லை." சொல்லிவிட்டு எழுந்து நின்றே பார்த்தார். நானும் பக்கத்தில் எழுந்து நின்றேன். அப்புறம் அவரே தண்ணீர் இறைக்கிற இடத்தை சாக்கடைக்கு மேற்பக்கம் நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார். பேக்கரிக்காரி கடை திறந்துவிட்டாள். இடம் மாறியிருப்பதை உன் அக்கா கண்டுபிடித்தால் அதையும் பூட்டின் மேலேயே போட்டுவிடுவோம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு, "அக்கா, உன் மேல ஒரு தப்பும் இல்லை, எல்லாம் எங்க பூட்டு பண்ணின வேலை, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடு, நீ நல்ல பையன். பொய் சொல்வதால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படாதே. அந்தப் பூங்கா வரப்போகிற இடத்துக்கு நானே நேரில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை.