இரண்டு மீற்றர் ஐரோப்பா

"இதென்ன, ரெண்டாவது வேலி? போன கிழமை ஒண்டுதானே நிண்டது!"

கிரொய்ஸ்லிங்கன் ஏரிக்கரையில் காரை விட்டு இறங்கிய குகநாதன் தாம்பாளத்தோடு திகைத்து நின்றார். இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ். பத்து வருடத்துக்கு மேலாக யாரும் பாஸ்போட் கேட்காத எல்லை அது. 2020இல் கொரோனா வந்ததும் குறுக்கே ஒரு கம்பிவேலி அடித்தார்கள். கம்பிக்குள்ளால் காதலர்கள் கைகோர்ப்பதைக் கண்டுவிட்டு, இரண்டு மீற்றர் தள்ளி இன்னொன்றும் அடித்துவிட்டார்கள்.

அவருடைய திட்டமே அந்தக் கம்பி ஓட்டைதான். மகள் சரணியாவுக்கும் கொன்ஸ்ரன்ஸ் மாப்பிள்ளை அபிஷனுக்கும் அன்று மோதிரம் மாற்றுவதாக இருந்தது. வில் நகரில் எடுத்த மண்டபமும் அழைத்த இருநூறு பேரும் இல்லாமல் போனாலும், ஓட்டைக்குள்ளால் இரண்டு விரல் நீட்டினால் போதுமென்று நினைத்திருந்தார்.

"நாள் தள்ளுவம் அண்ணை!" அந்தப் பக்க வேலியிலிருந்து சம்பந்தி வரதராசா கத்தினார்.

"தள்ளேலாது! சித்திரை முடியமுதல் செய்யோணும்!"

முப்பது வருடத்துக்கு முன் லொறிக்குள் ஒளிந்திருந்து நாலு நாட்டு எல்லையைக் கடந்து வந்தவர் குகநாதன். இரண்டு மீற்றர் புல்லுக்குப் பயப்படுவாரா?

திரும்பும் வழியில் எல்லைச் சாவடியால் லொறிகள் வரிசையாக உள்ளே வருவதைப் பார்த்தார்.

"உதுக்குள்ள என்ன?"

"தக்காளி" என்றாள் சரணியா.

"தக்காளி வரலாம், என்ர மருமகன் வரக்கூடாதோ? அப்ப சாமான் போகலாம், ஆள்தான் போகேலாது. மோதிரம் சாமான்தானே?"

அடுத்த நாளே மோதிரத்தைப் பார்சலில் அனுப்பினார். நாலாம் நாள் சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பொருள் தங்கம், வாங்கிய பில் தேவை, அதுவரை மோதிரம் அவர்களிடமே இருக்கும்.

மோதிரம் மனைவி சிவகலாவின் பழைய காப்பை உருக்கிச் செய்தது. பில்லுக்கு எங்கே போவது?

"என்ர காப்பையும் துலைச்சாச்சு" என்றாள் சிவகலா. "இனியாவது சும்மா இருங்கோவன்."

அவர் சும்மா இருக்கவில்லை. பில்லோடு புது மோதிரம் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நீளமான தூண்டில் தடி ஒன்றையும் இரவல் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு காலை பத்தரை. பட்டுவேட்டியும் முகக்கவசமுமாகக் குகநாதன் தடியை உயர்த்தினார். நுனியில் தொங்கிய தூண்டில் நரம்பில் மோதிரம் ஆடியது. இரண்டு வேலிக்கும் மேலால் அது மெல்ல மெல்லப் போக, அந்தப் பக்கம் அபிஷன் எம்பி எம்பிக் கை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் மாமா! கொஞ்சம் இடப்பக்கம்!"

"எட்டித் தொடடா தம்பி!"

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து காற்றொன்று வீசியது. முடிச்சு அவிழ்ந்து மோதிரம் இரண்டு வேலிக்கும் நடுவில் புல்லுக்குள் விழுந்தது.

சத்தம் கேட்டு இந்தப் பக்கம் ஒரு சுவிஸ் காவலர் வந்தார். அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன் பொலிஸ்காரர் வந்தார்.

"கொஞ்சம் எடுத்துத் தாங்கோ" என்று குகநாதன் ஜெர்மன் மொழியில் கெஞ்சினார்.

சுவிஸ்காரர் எட்டிப் பார்த்தார். "அது ஜெர்மன் புல்."

ஜெர்மன்காரர் தலையாட்டினார். "இல்லை, மோதிரம் சுவிஸ் பக்கம்தான் கிடக்கிறது. நான் தொட்டால் இறக்குமதி."

"எங்களிடமிருந்து போனால் அது ஏற்றுமதி. பத்திரம் இருக்கிறதா?"

"பில் இருக்கு!" குகநாதன் மடியிலிருந்து எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் அவரைக் கவனிக்கவில்லை. எல்லைக்கோடு எந்தப் புல்லால் போகிறது என்று கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிவகலா மணிக்கூட்டைப் பார்த்தாள். "நல்ல நேரம் முடிய இன்னும் அஞ்சு நிமிசம்தான் கிடக்கு."

"அப்பா, நான் ஒண்டு சொல்லட்டோ..." சரணியா வாயெடுத்தாள்.

"நீ பேசாம நில்லு பிள்ளை. அப்பா இருக்கிறன்."

தடியைப் புல்லில் போட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவிஸ் காவலருக்கு நேரே போய் நின்றார்.

"ஐயா, முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன், வரி கட்டிறன். ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்லை. இண்டைக்கு ஒண்டே ஒண்டு கேக்கிறன். என்ர மகளை அஞ்சு நிமிசம் அந்தப் பக்கம் விடுங்கோ. மோதிரத்தை மாத்திப்போட்டுத் திரும்பி வந்திடுவா."

காவலர் சரணியாவைப் பார்த்தார். பழகியவரைப் போல அவளுக்குத் தலையசைத்தார். பிறகு குழப்பத்தோடு குகநாதனிடம் திரும்பினார்.

"இவரை நாங்கள் எப்போது மறித்தோம்? அதோ அந்தப் பக்கம் நிற்கிற கணவனைப் பார்க்கப் போகிற மனைவிக்குத் தடை இல்லையே. ஒவ்வொரு சனிக்கிழமையும் கலியாணச் சான்றிதழைக் காட்டிவிட்டுத்தானே போய் வருகிறார்!"