ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ வண்டியும் பதினோரு கிலோ ஈயமும்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சாவியோ அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் இன்னாசி எழுதிக்கொள்வது. காட்டுப்பள்ளியில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் அக்காள் சிலுவையம்மாள் சுகம். என் மகளும் உங்கள் மருமகளுமான ஹெப்சிபா ரொம்பச் சுகம். நான் மட்டும் ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன். போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நம் வீட்டில் போனில் பேசினால் மூன்றாவது வீடு வரை கேட்கும். வாட்ஸப்பில் எழுத்து எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால் ஹெப்சிபாதான் படித்துச் சொல்கிறாள், அவளைப் பற்றிய புகாரை அவளிடமே படிக்கக் கொடுப்பது எப்படி? அதனால் உங்கள் கம்பெனிக்கு வேன் ஓட்டும் ஜெயவேல் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் துறைமுகத்தில் ரிட்டயர் ஆனபோது ஹெப்சிபா கல்யாணத்துக்கென்று மூன்று லட்சம் டெபாசிட் போட்டோம் அல்லவா, என் பேரில் மட்டும் இருந்தால் கேட்கிறவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று உங்கள் அக்காள் உங்கள் பேரையும் சேர்த்தாளே, அதை உடைக்க நம் இருவர் கையெழுத்தும் வேண்டும். வருகிற சனிக்கிழமை ஹெப்சிபா அந்தப் படிவத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவாள். மாமா, மாமா என்று குழைவாள், போண்டா வாங்கி வருவாள். மச்சான், நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களால் ஆகாது என்று எனக்குத் தெரியும், என்னாலும் ஆகவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமையே வலது கையில் பெரிதாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, வெல்டிங்கில் சுட்டுவிட்டது, பேனா பிடிக்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். மறந்துபோய் அந்தக் கையால் போண்டாவை எடுத்துவிடாதீர்கள்.

அவள் கல்யாணத்துக்குக் கேட்டால் நான் ஏன் தடுக்கப் போகிறேன்? கார் பந்தயத்துக்குக் கேட்கிறாள். அவளும் தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் ஜெரி என்கிற மெக்கானிக்கும் சேர்ந்து ஒரு பந்தயக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது, உங்களிடம் இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னியுங்கள். கார் என்றால் நம் ஊரில் ஓடும் கார் இல்லை. கூரை கிடையாது, கதவு கிடையாது, உள்ளே இறங்கி உட்கார வேண்டும். மொத்த எடையே ஐந்நூற்றுச் சொச்சம் கிலோதான். முதன்முதலாகப் பார்த்த அன்று நானும் ஜெரியும் பின்பக்கத்தைக் கையால் தூக்கி நகர்த்தினோம், அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பயம். நான் முப்பத்து நாலு வருடம் கிரேன் ஓட்டியவன். வெறும் கொக்கி கடல்காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், நாற்பது டன் பெட்டியை மாட்டினால் அசையாமல் நிற்கும். எடை இருப்பதுதான் நிற்கும் என்று நம்பியே நான் காலம் தள்ளினேன். என் பெண்ணோ எடையே இல்லாத ஒன்றில் ஏறி நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்புகிறாள். ஓட்டக் கூடாது என்று ஒருநாள் கண்டிப்பாகச் சொன்னேன். "செரி நைனா, நீ டென்சன் ஆவாத" என்றாள். மறுநாள் நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஹெல்மெட் வாங்கி வந்தாள்.

மச்சான், பணம் போகிறது என்று நான் அழவில்லை. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பார்த்துத்தான் குலை நடுங்குகிறது. ஹெல்மெட் தலை மோதினால் என்று வாங்கியது. நாற்பதாயிரத்துக்கு ஓர் அங்கி, யாரோ போட்டுக் கழித்தது, அது தீப்பிடித்தால் என்று. அதற்குள்ளே போட தீப்பிடிக்காத உள்ளாடை வேறு. கண் மட்டும் தெரிகிற ஒரு முகமூடியும் உண்டு, அதை உங்கள் அக்காள் துவைத்து மாடியில் காயப்போட, பக்கத்து வீட்டு ரசூல் பீவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, பொண்ணு இன்னா வேலைக்கிப் போவுது?" என்று மெதுவாகக் கேட்டார். தலைக்கு மேலே இரும்பு வளையம் ஒன்று, அது வண்டி குப்புறக் கவிழ்ந்தால் என்று. சீட் பெல்ட்டுக்கு மருந்துப் பாட்டில் மாதிரி காலாவதித் தேதி போட்டிருக்கிறது, தேதி தாண்டினால் புதிது வாங்க வேண்டும். வண்டியில் அவள் பேருக்குப் பக்கத்திலேயே ரத்தவகையை எழுதி ஒட்டியிருக்கிறார்கள், ஓ பாசிட்டிவ் என்று. ஒரு மனுஷியின் பேருக்குப் பக்கத்தில் எதற்கு ரத்தவகை? ஒவ்வொரு பந்தயத்துக்கும் நுழைவுக் கட்டணம் இருபத்தைந்தாயிரம் கட்டி, உயிருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்தும் போட வேண்டும். எண்ணெய், பிரேக், குட்டியானை வேனில் வண்டியை ஏற்றிக் கொண்டுபோகும் வாடகை எல்லாம் தனி. சரக்குப் பெட்டி ஆபீசில் அவள் வாங்குகிற முப்பத்திரண்டாயிரம் சம்பளம் இருபதாம் தேதியைப் பார்த்ததில்லை.

இது போதாது என்று எடையைக் குறைக்கவும் செலவு. கடையில் ஒரு கிலோ வாங்கக் காசு கொடுப்போம், இவர்கள் ஒரு கிலோவைத் தொலைக்கக் காசு கொடுக்கிறார்கள். முன்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தகடு, பழைய பேட்டரியைத் தள்ளிவிட்டு என் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பேட்டரி, அதன் விலையைக் கேட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "வண்டியும் ஆளும் சேந்து ஐந்நூத்தி எண்பதுக்குக் கீழ போவக் கூடாது நைனா, அதான் ரூலு. நாம ஐந்நூத்தி எண்பத்திரண்டு கீறோம். கரீட்டா வெச்சிகினு கீறோம்" என்றான் ஜெரி. எங்கே எடை போட்டாய் என்று கேட்டேன். பக்கத்தில் இரும்பு விற்கிற கடையின் எடைமேடையில் என்றான். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது, ஆனால் பயத்தில் மூளை ஓடவில்லை.

இப்போது எழுதப்போவதை உங்கள் அக்காளிடம் சொல்லிவிடாதீர்கள். போன சனிக்கிழமை மதியம் காத்திவாக்கம் போய், வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு பதினோரு கிலோ வாங்கினேன். அதைப் பழைய கைலித் துணியில் பையாகத் தைத்து, ஜெரி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்து, கப்பலில் சரக்கை இறுக்குகிற பெல்ட்டால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். கொஞ்சம் கனம் இருந்தால் வண்டி தரையைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி தாண்டி, பந்தயம் நடக்கும் மைதானத்துக்குப் போனோம். உங்கள் அக்காள் ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கொண்டுவந்து, எதிராளிகளின் மெக்கானிக்குகளுக்கும் சேர்த்துப் பரிமாறிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். பதினெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் கத்தின. முதல் வளைவில் இரண்டு வண்டி சுழன்று மண்ணில் போய் விழுந்தன, அவள் நடுவில் புகுந்து போனாள். நான் ஜெபமாலையைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டேன். மாலைக்குப் பதிலாக ஓர் ஈயக்குண்டு கையில் வந்தது, பை தைத்தபோது தவறி விழுந்தது போலிருக்கிறது. அந்தக் குண்டைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒன்று தவறியது என்றால் மற்றவை தவறாதா? கைலித் துணி எத்தனை நாள் பழசு? ஒரே ஒரு குண்டு உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால் என் பிள்ளையை நானே அல்லவா கொன்றவன் ஆவேன்? மச்சான், கிரேனில் பிரேக் பிடிக்காத நாளில்கூட நான் அப்படி நடுங்கியதில்லை. கம்பி ஓரம் கொடி வைத்திருந்த பையனிடம் ஓடி, "தம்பி, வண்டிய நிறுத்தச் சொல்லு, சீட்டுக்கு அடியில ஈயம் கீது" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க, நிழலுக்குப் போங்க" என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தான். பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடிக்கிற இடத்தில் நான் தரையை மிதித்தேன், இடது செருப்பு அறுந்துவிட்டது.

நாலாவதாக வந்தாள். முழுசாக வந்தாள், எனக்கு அது போதும். ஆனால் அதோடு விடவில்லை, முன்னால் வந்த வண்டிகளையெல்லாம் ஆளோடு எடை போட வேண்டும் என்று வரிசையில் நிறுத்தினார்கள். மூன்றாவதாக வந்த வண்டி ஐந்நூற்று எழுபத்தேழு காட்டியது, மூன்று கிலோ குறைவு என்று அதைப் போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்கள். அடுத்து ஹெப்சிபா ஏறினாள். ஐந்நூற்று எண்பது கிலோ நானூறு கிராம். ஜெரி தொடையைத் தட்டி, "சொன்னேன்ல! கரீட்டா கீதா?" என்று குதித்தான். பதினோரு கிலோவைக் கழித்துப் பார்த்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். இரும்பு விற்கிறவன் எடைமேடை கூடத்தான் காட்டும் என்பதுதான் என்னை உறுத்திய விஷயம், அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹெப்சிபாவுக்கு மூன்றாம் பரிசு, ஒரு வெள்ளிக் கலர் கோப்பை. உங்கள் அக்காள் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

நேற்று ஷெட்டில் சீட்டைக் கழற்றியபோது பை வெளியே வந்தது. துணி ஓர் இடத்திலும் பிரியவில்லை. ஜெரி அதை எடைபோட்டுப் பார்த்து, கணக்குப் போட்டு, வாயைத் திறந்தபடி நின்றான். ஹெப்சிபா முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கட்ட அவுக்க அரை மணி ஆச்சி நைனா. கட்னது நீதான?" என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "எனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான கட்ன" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, எடை சேர்ப்பது விதிப்படி சரிதான், ஆனால் போல்ட் போட்டு முறுக்கி முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம். "இனிமே வெயிட்டு டிப்பார்ட்மென்ட் உன்துதான், சொல்ட்டு கட்டு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். என் நிலைமையைப் பாருங்கள் மச்சான். தடுக்கப் போனவனைப் பொறுப்பாளியாக ஆக்கிவிட்டார்கள். இனி ஏதாவது ஆனால் அது நான் கட்டிய கட்டால் ஆனது என்று ஆகும். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. அடுத்த பந்தயத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது. காசு இல்லை என்றால் பந்தயம் இல்லை, அதனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வலது கையில் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போடவும். உங்கள் வேலையையும், உங்கள் வீட்டையும், அந்த வழியில் போகிற லாரிகளையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த
அ. இன்னாசி

பின்குறிப்பு: இதை மடித்து வைத்தபிறகு ஜெயவேல் வர நேரம் இருந்ததால், ஹெப்சிபாவின் சாப்பாட்டை ஷெட்டில் கொடுக்கப் போனேன். டெபாசிட் எதற்கு என்று இதுவரை நான் கேட்கவே இல்லை என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. டயருக்காம். நாலு டயர் இரண்டு பந்தயம்தான் தாங்கும், இவை மூன்று ஓடிவிட்டன. மாமா கையெழுத்துப் போடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "இத்தயே போட்டுகினு ஓட்டிக்கிறேன், விடு நைனா" என்றாள். குனிந்து பார்த்தேன், ரப்பருக்குள்ளே கம்பி தெரிகிறது. இரும்புக் கயிற்றில் ஓர் இழை பிரிந்து தெரிந்தால் நான் முப்பத்து நாலு வருடத்தில் ஒரு நாளும் லோடு தூக்கியதில்லை. படிவத்தை அவள் பையிலிருந்து எடுத்து என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி இட்ட இடத்தில் நீங்களும் போட்டு, சனிக்கிழமை வரை காத்திராமல் இன்று சாயங்காலமே ஜெயவேலிடம் திருப்பி அனுப்புங்கள். கையில் கட்டு கிட்டு போட்டுத் தொலைக்காதீர்கள். பந்தயத்துக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வாருங்கள். வருகிற வழியில் காத்திவாக்கத்தில் இரண்டு கிலோ ஈயம் வாங்கி வரவும், பிள்ளை கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.