எறும்பு அண்ணனின் இடது தோள்

ஊருக்கெல்லாம் ஊசி போடும் நர்ஸ் எறும்பு அண்ணன் தன் தோளில் ஒரு தடுப்பூசிகூடப் போட்டுக்கொண்டதில்லை என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு வதந்தி. வதந்தியை நம்புவது பாவம். விசாரிக்காமல் விடுவது அதைவிடப் பாவம். கிளம்பிவிட்டேன்.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். போடும், போட்டுக்கொள்ளாது. சளிக்காய்ச்சல் தடுப்பூசிப் பெட்டி வந்து இறங்கியதும், சுவரெல்லாம் அறிவிப்பு ஒட்டி, டாக்டர்களைத் துரத்திப் பிடித்து, சமையற்கட்டு ஆட்களைக் கரண்டியும் கையுமாக வரிசையில் நிறுத்தி, "எறும்பு கடிச்ச மாதிரிதான், அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் குத்தி, பஞ்சை அழுத்தி, பெயருக்கு நேரே டிக் போட்டுவிடுவார். பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

அவருக்கு? அவருக்கு அன்றைக்குத்தான் லேசாகத் தும்மல் வரும். போன வருஷம் வெறும் வயிறு. அதற்கு முந்தின வருஷம் வயிறு நிறைய. "இருபது வருஷமா எல்லா நோயும் பார்த்த உடம்பு. கிருமியே எனக்கு வணக்கம் வச்சுட்டுத்தான் போகும்" என்பார். ஆனால் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. முதல் டிக்கும் அவருக்குத்தான். பேனா யார் சட்டைப் பையில் இருக்கிறது?

எனக்குக் கிடைத்த சாட்சி ஒரு ஃப்ரிட்ஜ். வந்த ஊசி நாற்பது, விழுந்த டிக் நாற்பது, உள்ளே மிச்சம் ஒன்று.

"கேட்டா, கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலா வச்சுட்டான்ங்கறாரு" என்றார் சாவி வைத்திருக்கும் குழந்தைகள் வார்டு சிஸ்டர். "வருஷா வருஷமா வைப்பான்?"

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன் ஓடி வந்தார். அவர் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையளவு பேத்தி. இந்தப் பக்கம், கதவில் ஓர் அறிவிப்பு: 'தடுப்பூசி போட்டுப் பதினான்கு நாள் ஆகாதவர்கள் உள்ளே வரக்கூடாது. சொந்தக்காரர் ஆனாலும் சரி.' குண்டு குண்டான அழகிய கையெழுத்து. அவருடையதேதான்.

"அதான் டிக் இருக்கேம்மா."

"டிக் இருக்குண்ணே. ஊசி ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

அண்ணன் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"உள்ள இருக்கறது ஒன்றரைக் கிலோ. உங்க காய்ச்சல் ஒட்டிக்கிட்டா அது தாங்குமா? தாங்கும்னு சொல்லுங்க, இப்பவே கதவத் திறக்கறேன்."

கைப்பிடியிலிருந்து அவர் கை இறங்கியது. சட்டைக் கை மெல்ல மேலேறியது. "பார்த்தும்மா... எனக்கு ஊசின்னா கொஞ்சம்..."

"எறும்பு கடிச்ச மாதிரிதாண்ணே. அந்தப் பக்கம் பாருங்க."

"அய்யோ! எவன் சொன்னான் எறும்புன்னு?" நடைவழியின் கடைசிக் கட்டில்வரை எழுந்து உட்கார்ந்தது.

வதந்தி அன்றோடு பொய்யாகிவிட்டது. பாக்கிதான் தீரவில்லை. தினமும் வேலை முடிந்ததும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார் அண்ணன். பேத்திக்குத் தர வேண்டிய மடி இன்னும் பதினோரு நாள் கடனில் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? ஊரையெல்லாம் பார்த்து "போட்டாச்சா?" என்று கேட்கிறவர்தானே நீங்களும்? எங்கே, உங்கள் சட்டைக் கையைச் சுருட்டுங்கள் பார்க்கலாம்.

ஏன், லேசாகத் தும்மல் வருகிறதோ?