நூறு குறையாத பெட்டி

சோலார் பேட்டரி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெருவில் கரண்ட் போகவே இல்லை. கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் போகும், ஃபேனுக்கு அடியில் படுத்தால் போகும். இப்போது இவர் மேல் என்ன கோபமோ, அசையாமல் நின்றது.

மொட்டைமாடி முழுக்கச் சோலார் தகடு. கொடி கட்ட இடமில்லாமல் ஈரத்துணியெல்லாம் ஹாலில் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் மனைவியின் அண்ணன், மரக்கடைக்காரர்.

"கண்ணாடியை மாடியில காயவெச்சுட்டு, துணியை வீட்டுக்குள்ள காயவெச்சிருக்கீங்க மாப்பிள்ளை. இன்னைக்கு இது வேலை செய்யுறதைக் காட்டுங்க. இல்லேன்னா நாளைக்கே ஆள் அனுப்பிக் கழட்டிடுறேன்."

மனைவியும் கூடவே தலையாட்டினாள். அதுதான் வாத்தியாரைச் சுட்டது. காலையில் எழுந்ததும் சுவரிலிருக்கும் பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல்லே விளக்குவார். அதைக் கழற்றுவதா?

"கரண்ட் போனாத்தானே காட்ட முடியும் மச்சான்? இருங்க, நானே போக வைக்கிறேன்."

பொழுது சாய்ந்திருந்தது. கீழே இறங்கிப் போனார். மாடிப்படிக்கு அடியில் அரை இருட்டு. வருஷக்கணக்கில் பழகிய கை, இடப்பக்கத்து மெயின் பெட்டியைத் தானே தேடிப்பிடித்து அணைத்தது. மூச்சு வாங்க மேலே ஓடிவந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண் சிமிட்டக்கூட இல்லை.

மத்தியானம் மாடியில் உள்ளங்காலைப் பொசுக்கிய வெயில், இப்போது தலைக்கு மேல் வெளிச்சமாக நிற்கிறது.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். அவளும் விளக்கையே பார்த்தாள்.

"ஒரு பல்பு என்ன பெரிய விஷயம்," என்றார் மச்சான். "இஸ்திரிப் பெட்டியைப் போடுங்க."

போட்டார்கள், சுட்டது. ஹீட்டர் போட்டார்கள், வெந்நீர் வந்தது. வாஷிங் மெஷின் வீடே அதிரச் சுழன்றது. பேட்டரிப் பெட்டியில் மட்டும் சார்ஜ் காட்டும் எண் நூறிலேயே நின்றது.

"குறையவே இல்லையேங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"மாட்டுன ஆள் குறையும்னுதான் சொன்னான். அவனுக்கே இதோட அருமை தெரியல."

மச்சானுக்கு இன்னும் அரை மனது. "ஸ்விட்ச் சரியா விழலையோ என்னமோ."

வாத்தியார் மறுபடியும் இறங்கினார். இந்த முறை ஃபியூஸ் கட்டையையே பிடுங்கி வந்து மச்சான் கையில் வைத்தார். விளக்கு எரிந்தது. எண் நூறு.

மரக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆயுசுல நான் இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல மாப்பிள்ளை. சூரியனையே பிடிச்சு வீட்டுக்குள்ள கட்டிப் போட்டிருக்கீங்க. நான் பேசுனதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"துணி ஹால்லயே காயட்டும்ங்க," என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவரை இப்படிப் பார்த்ததில்லை. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே இது நமக்கு எதுக்கு?" என்று ஃபியூஸ் கட்டையை வாங்கி ஜன்னல் வழியே வீசினார். பின்பக்கத்துச் சாக்கடையில் அது விழுகிற சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மறு கையில் குறடு.

"ஒருத்தருக்குப் பாதிப் பல்லைப் பிடுங்குறப்போ கரண்ட் போயிடுச்சு சார். உங்க சோலார் ஆள் உங்க மெயினை வலப்பக்கம் மாத்தினதுலேர்ந்து இடப்பக்கம் என்னோடது மட்டும்தானே இருக்கு, இப்போ போய்ப் பாத்தா அதுல ஃபியூஸ் கட்டையையே காணோம்."